ஆளுக்குப் பத்து நிமிடம்

எட்டு ஞாயிற்றுக்கிழமைகளில் ஓர் ஆட்டம்கூட முடியவில்லை.

ஒவ்வொரு வாரமும் நான்கு மணிக்கு பஸ் ஸ்டாண்டுக்குப் பின்னால் இருக்கும் பேக்கரியின் மாடியில் உதயகுமார் காத்திருப்பான். தென்னேரியிலிருந்து வரும் டவுன் பஸ்ஸில் சுகாசினி வந்து இறங்குவாள். இரண்டு டீ சொல்லுவார்கள். சுருட்டி வைத்த செஸ் அட்டையை அவன் பையிலிருந்து எடுத்து விரிப்பான். ஆறு பத்துக்கு அவளுடைய பஸ் திரும்பும். அதைவிட்டால் அடுத்த பஸ் எட்டரைக்குத்தான். ஆறு மணிக்கு அவள் எழுந்துகொள்ளும்போது அட்டையில் பாதிக் காய்கள் அப்படியே நின்றுகொண்டிருக்கும். அவற்றை அவன் அள்ளி டப்பாவில் போடுவான். சட்டப்படி அவர்கள் இன்னும் கணவன் மனைவிதான்.

இப்படிச் சந்திக்கச் சொன்னது கோர்ட்டில் ஆலோசனை சொல்லும் அம்மாள். "ரெண்டு பேரும் சேர்ந்துதான் விவாகரத்து மனு போட்டிருக்கீங்க. ஆறு மாசம் டைம் இருக்குது. வாரம் ஒரு மணி நேரமாவது உக்காந்து பேசுங்க. பேச வரலேன்னா ஏதாவது சேர்ந்து பண்ணுங்க" என்றார். முதல் மூன்று மாதங்கள் இருவரும் அதைக் காதிலேயே போட்டுக்கொள்ளவில்லை. நான்காவது மாதம் உதயகுமார்தான் போன் செய்தான். பேச வரவில்லை. அதனால் செஸ் ஆடினார்கள். இருவரும் பாலிடெக்னிக்கில் படித்த காலத்தில், மண்டலப் போட்டிக்குப் போன அணியில் இருந்த ஒரே பெண் சுகாசினி. அவளிடம் தொடர்ந்து பதினோரு முறை தோற்ற பிறகுதான் உதயகுமார் தன் காதலைச் சொன்னான். அதைச் சொல்லவும் அவனுக்கு இரண்டு வருடம் பிடித்தது.

வருகிற வியாழக்கிழமை கோர்ட்டில் கடைசித் தடவையாகக் கேட்பார்கள். இரண்டு பேரும் சம்மதம் என்றால் அன்றோடு எல்லாம் முடிந்துவிடும். அவனுடைய வக்கீல் போன வாரம் போனில் ஒரு விஷயம் சொல்லியிருந்தார்.

"உங்களுக்கு இஷ்டமில்லேன்னா ஜட்ஜம்மா கேக்கும்போது சம்மதம் இல்லைன்னு சொல்லிடுங்க. அந்த ஒரு வார்த்தை போதும், மனு நிக்காது. அப்புறம் அவங்க தனியா கேஸ் போட்டு, காரணம் காட்டி, வருஷக்கணக்கா அலையணும்."

அந்த ஒரு வார்த்தையை உதயகுமார் ஒரு வாரமாக மனசுக்குள் வைத்துக்கொண்டு அலைந்தான். தறியில் உட்கார்ந்திருக்கும்போது சொல்லிப் பார்த்தான். சாப்பிடும்போது சொல்லிப் பார்த்தான். சொல்லலாமா கூடாதா என்று மட்டும் தெரியவில்லை.

அப்படியிருக்கும்போதுதான் சனிக்கிழமை அவளிடமிருந்து செய்தி வந்தது. "நாளைக்கி சீக்கிரம் வரேன். ஆராதனை முடிஞ்சதும் கிளம்பறேன். செஸ் கடிகாரம் ஒண்ணு வாங்கலாம்."

அந்த வரியை அவன் எத்தனை முறை படித்தான் என்பதற்குக் கணக்கில்லை. யாராவது கடைசி ஆட்டத்துக்குப் போய்க் கடிகாரம் வாங்குவார்களா? இனிமேலும் ஆடப்போகிறவர்கள்தானே வாங்குவார்கள்? அன்று இரவு பல மாதங்களுக்குப் பிறகு அவன் நன்றாகத் தூங்கினான்.

மறுநாள் அவர்கள் போன விளையாட்டுச் சாமான் கடை காமராஜர் வீதியிலிருந்து பிரியும் ஒரு சந்தில் இருந்தது. வாசலில் வலைக்குள் கால்பந்துகள் தொங்கின. கடைக்காரர் முனிசாமி, அறுபதை நெருங்கிக்கொண்டிருந்த குண்டு மனிதர், ஒரு கேரம் பலகைக்குப் பவுடர் தேய்த்துக்கொண்டிருந்தார்.

"வாங்க சார், வாம்மா. பசங்களுக்கா?"

உதயகுமார் வலையில் தொங்கிய கால்பந்துகளைப் பார்த்தான். அவர்களுக்குக் குழந்தை இல்லை. சுகாசினிதான் சொன்னாள்.

"இல்லீங்க. எங்களுக்குத்தான். செஸ் கடிகாரம் வேணும்."

எங்களுக்கு. அந்தச் சொல்லை உதயகுமார் பத்திரமாக எடுத்து வைத்துக்கொண்டான்.

"புருஷனும் பொண்டாட்டியும் செஸ் ஆடறீங்களா!" முனிசாமிக்கு ஆச்சரியம் தாங்கவில்லை. "எங்க வூட்ல நாங்க ரெண்டு பேரும் எதுனா ஆடுனோம்னு வெச்சுக்கோ, கடிகாரம்லாம் பத்தாது. ஆம்புலன்ஸ்தான் கூப்புடணும்."

சுகாசினி சிரித்தாள். இடது கன்னத்தில் மட்டும் விழும் குழியோடு அந்தச் சிரிப்பு வந்து போனது. போன வருடம் பங்குனி மாதத்தில் அவள் வீட்டைவிட்டுப் போனதிலிருந்து அவன் அதைப் பார்த்ததே இல்லை.

"போட்டிக்கா, சும்மா ஆடறதுக்கா?"

"சும்மா ஆடறதுக்குத்தான்" என்றாள் அவள்.

"போன்லயே அதுக்கு ஆப் இருக்குதேம்மா? எம் புள்ள அதுலதான் ஆடறான்."

"போன் வேணாங்க. நடுவுல கால் வரும்."

அவள் அவனைப் பார்க்காமல்தான் சொன்னாள். ஆனால் எட்டு வாரமும் ஐந்தேகால் மணிக்கு ஒழுங்காக வந்தது உதயகுமாரின் அம்மாவுடைய அழைப்புதான். எங்கே இருக்கிறாய், தறிக்குத் தார் நூல் தீர்ந்துவிட்டது, வரும்போது பால் வாங்கி வா. அவன் எழுந்து மாடிப்படிப் பக்கம் போய்ப் பேசிவிட்டு வருவான். அவள் டீயைப் பார்த்துக்கொண்டு உட்கார்ந்திருப்பாள்.

முனிசாமி ஏணி போட்டு ஏறி மூன்று பெட்டிகளை இறக்கினார். முதல் பெட்டியில் மரத்தால் செய்த பழைய மாதிரிக் கடிகாரம் இருந்தது. ஆளுக்கு ஒரு முகம், தலையில் இரண்டு பித்தளைப் பொத்தான்கள்; தன்னுடையதை அமுக்கினால் எதிராளியின் நேரம் ஓடும். சாவி கொடுத்தால் ஓடும். நேரம் தீரும்போது பன்னிரண்டுக்குப் பக்கத்தில் சின்னச் சிவப்புக் கொடி ஒன்று தூக்கிக்கொண்டு நின்று, பிறகு பொத்தென்று விழும்.

உதயகுமாருக்கு அது பிடித்திருந்தது. அதில் நொடிகள் தெரியவில்லை. எவ்வளவு மிச்சம் இருக்கிறது என்று ஒரு உத்தேசம்தான் தெரியும். "இது அழகா இருக்குது, சுகா" என்றான்.

அவள் அதைக் காதோரம் வைத்துக் கேட்டாள். "சத்தம் ஜாஸ்தி. லேப்ல நாள் முழுக்க மிஷின் சத்தம்தான் கேக்கறேன். இதுவும் தலைக்குள்ள டிக் டிக்னு அடிக்கும்."

சுகாசினி ஒரு தனியார் ஆஸ்பத்திரியில் ரத்தப் பரிசோதனை செய்கிறவள். ரத்தம் எடுக்கும்போது மூன்று எண்ணுவதற்குள் முடித்துவிடுவாள். எதற்கும் அவளுக்கு நேரம் பிடித்ததில்லை.

மூன்றாவது பெட்டியை முனிசாமி மரியாதையோடு திறந்தார். கறுப்பு நிறத்தில், பெரிய எண்களோடு, மேலே ஏற்றம் மாதிரி இந்தப் பக்கமும் அந்தப் பக்கமும் சாயும் ஒரு கட்டை வைத்தது. "இதுதான் டாப்பு. இதுல நீங்க ஒரு காய் நகத்திட்டு அமுக்குனா உங்க டைம்ல பத்து செகண்டு ஏறும். முப்பது வெச்சா முப்பது ஏறும். வேகமா ஆடிக்கினே இருந்தா டைமே தீராது."

"தீரவே தீராதா?" உதயகுமார் குனிந்து பார்த்தான்.

"நகத்திக்கினே இருக்கணும் சார். அதான் விஷயம். அப்புறம் இன்னொண்ணு. ஆளுக்கு ஒரு டைம் வெக்கலாம். சாருக்கு இருபது நிமிஷம், அம்மாவுக்குப் பத்து, அந்த மாதிரி."

"அது எங்களுக்குப் பழக்கந்தாங்க" என்றாள் சுகாசினி. "இவருக்கு எப்பவுமே ஜாஸ்திதான். எவ்ளோன்னு நான் கேட்டதே இல்ல."

கேலி மாதிரிதான் சொன்னாள். முனிசாமியும் கேலி என்றே எடுத்துக்கொண்டு சிரித்தார். உதயகுமாருக்குக் காது சூடானது.

அவளைப் பெண் கேட்டு யாரும் போகவில்லை. ரிஜிஸ்தர் ஆபீசில் நடந்த கல்யாணம். சுகாசினியின் தாத்தா தென்னேரி ஏரிப் பாசனத்தில் அடுத்தவர் நிலத்தில் நாற்று நட்டுப் பிழைத்தவர். அப்பா பரசுராமன் மின்வாரியத்தில் லைன்மேன். ஞாயிற்றுக்கிழமை சபைக்குப் போகிற குடும்பம். உதயகுமாரின் அம்மா நீலாம்பாள் ஒரு வார்த்தை திட்டவில்லை, ஒரு சொட்டுக் கண்ணீர் விடவில்லை. மருமகளை வீட்டுக்குள் அழைத்துக்கொண்டாள். அதனாலேயே எல்லாம் சரியாகிவிட்டது என்று உதயகுமார் நம்பினான்.

அந்த வீட்டில் ஒரு பழக்கம் இருந்தது. தறியில் நீளவாக்கில் ஓடும் பாவு நூல் தீர்ந்து, புதுப் பாவு பூட்டும் நாளில், வீட்டு மருமகள்தான் தறிக்கு மஞ்சள் குங்குமம் வைத்து, சூடம் காட்டுவாள். அதற்குப் பிறகுதான் முதல் இழை ஓடும். கல்யாணமாகி ஒரு மாதத்தில் அந்த நாள் வந்தது. சுகாசினி தலைக்குக் குளித்து, அவன் நெய்த மாம்பழ நிறப் புடவையைக் கட்டிக்கொண்டு, தட்டோடு வந்து நின்றாள். பாவு பூட்ட வந்த தெருக்காரர்கள் ஐந்தாறு பேர் கூடத்தில் இருந்தார்கள். நீலாம்பாள் வாசலைப் பார்த்து, பக்கத்து வீட்டு மருமகளைக் கூப்பிட்டாள். "அம்சா, நீ வாம்மா. நல்ல நேரம் போவுது." அம்சா தயங்கித் தயங்கி வந்து, சுகாசினியின் கையிலிருந்த தட்டை வாங்கிக்கொண்டாள்.

தறிக்குழியில் உட்கார்ந்திருந்த உதயகுமார் யோசித்தான். இப்போது சொன்னால் அத்தனை பேர் எதிரில் அம்மாவுக்கு அவமானம். சொல்லாவிட்டால் இவளுக்கு. சிரித்துக்கொண்டே விளையாட்டாகச் சொல்லலாமா? அம்மாவைத் தனியே கூப்பிட்டுச் சொல்லலாமா? அவன் யோசித்துக்கொண்டிருக்கும்போதே சூடம் எரிந்து அணைந்துவிட்டது. அவ்வளவு நேரமும் சுகாசினி அவனையே பார்த்துக்கொண்டு, வெறும் கையோடு நின்றாள்.

பிறகு இன்னும் மூன்று பாவு அந்தத் தறியில் ஏறியது. மூன்று முறையும் அம்சாதான் வந்தாள். இரண்டாவது முறையிலிருந்து சுகாசினி அந்த நாளில் ஆஸ்பத்திரிக்கு டூட்டி கேட்டு வாங்கிக்கொண்டாள். நான்காவதுக்குப் பிறகு பெட்டியைக் கட்டினாள். "நீ யோசிச்சு முடிச்சதும் சொல்லு" என்று மட்டும் சொல்லிவிட்டுப் போனாள்.

"அப்போ இத எடுத்துக்கலாமா?" கறுப்புக் கடிகாரத்தைக் காட்டிக் கேட்டான் உதயகுமார். "நேரம் ஏறிக்கினே இருக்கும். தீராது."

"வேணாம் உதயா. ஏறுனா முடியாது." அவள் நடுப் பெட்டியை இழுத்தாள். வெள்ளைப் பிளாஸ்டிக்கில் இரண்டு பொத்தான்கள், இரண்டு சின்னத் திரைகள். வேறு வித்தை எதுவும் கிடையாது. "இது போதும். ரெண்டு பேருக்கும் ஒரே நேரம். இருக்கிறது எவ்ளோவோ அவ்ளோதான்."

"ஒரு தபா அடிச்சுப் பாத்துடுங்க" என்று முனிசாமி ஒரு பேட்டரியைப் போட்டு, கல்லாவின் மேல் ஒரு செஸ் பலகையையும் இரண்டு சிப்பாய்களையும் வைத்தார்.

உதயகுமார் வலது கையால் சிப்பாயை நகர்த்தினான். அதே நொடியில் இடது கை தானாகப் போய்ப் பொத்தானை அடித்தது.

"தப்பு" என்றாள் சுகாசினி. "எந்தக் கையில காய் வெச்சியோ அந்தக் கையாலதான் அடிக்கணும்."

மறுபடி செய்தான். மறுபடியும் இடது கைதான் போனது. தறியில் வலது கை நூல் கொண்டு ஓடும் நாடாவை எறிந்தால், அதைப் பிடிக்க இடது கை தயாராக இருக்கவேண்டும். பாலிடெக்னிக் முடித்ததிலிருந்து நாளுக்கு எட்டு மணி நேரம் அந்தக் கைகள் செய்த ஒரே வேலை அது. மூன்றாவது முறையும் அப்படியே ஆனதும் சுகாசினி கல்லாவில் கையூன்றிக்கொண்டு விழுந்து விழுந்து சிரித்தாள்.

"சாருக்குத் தறி வேலையா?" என்றார் முனிசாமி. "எங்கிட்ட வர்ற தறிக்காரங்க எல்லாருமே இப்படித்தாம்மா அடிக்கறாங்க. கேரம் ஆடுனாகூட ரெண்டு கையும் வருது."

உதயகுமாரும் சிரித்தான். அந்தக் கடைக்குள் நின்ற பத்து நிமிடமும் அவனுக்கு வியாழக்கிழமை என்று ஒன்று இருப்பதே மறந்துபோயிருந்தது.

முனிசாமி வாரண்டிச் சீட்டை எடுத்துப் பேனாவைத் திறந்தார். "ஒரு வருஷத்துக்கு ரிப்பேர்னா கொண்டாங்க. யார் பேருக்குப் போடட்டும்?"

இரண்டு பேர் பெயரையும் போடுங்கள் என்று சொல்லலாமா என்று உதயகுமார் நினைத்தான். அப்படிச் சொன்னால் அவள் என்ன நினைப்பாள் என்றும் நினைத்தான்.

"உதயகுமார்" என்றாள் சுகாசினி.

பேக்கரி மாடியில் அன்று கூட்டம் இல்லை. ஆளுக்குப் பத்து நிமிடம் வைத்தார்கள். அவனுக்கு வெள்ளைக் காய். பொத்தானை அமுக்கியதும் எண்கள் குறையத் தொடங்கின. கடைசியாக எப்போது இவ்வளவு வேகமாக ஆடினோம் என்று அவனுக்கே ஞாபகம் இல்லை. அவளைக் காத்திருக்க வைக்கக்கூடாது என்ற ஒரே எண்ணத்தில் ஆடினான். யோசிக்க வேண்டிய இடத்தில்கூட யோசிக்கவில்லை.

"ஒரே கை, உதயா."

"சரி, சரி."

பதினைந்து காய் நகர்ந்திருக்கும். ஆட்டம் சமமாகத்தான் இருந்தது. உதயகுமார் யானையைத் தூக்கி நேராகக் கடைசி வரிசைக்குக் கொண்டுபோகப் பார்த்தான். வலது கை அங்கே போய்ச் சேர்வதற்குள் இடது கை பொத்தானை அடித்துவிட்டது. அந்தச் சத்தத்தில் வலது கை பதறி, யானையை ஒரு கட்டம் முன்னாலேயே வைத்துவிட்டது. அவளுடைய குதிரைக்கு நேர் வாயில்.

சுகாசினி யானையைப் பார்த்தாள். அவனைப் பார்த்தாள். அவளுடைய நேரம் ஓடிக்கொண்டிருந்தது. "எடுத்து ஒழுங்கா வை. சும்மா ஆடறதுதானே."

"வேணாம். அடிச்சாச்சு."

"வைப்பா. எனக்கு டைம் போவுது."

"இல்ல சுகா. வெச்சது வெச்சதுதான்."

அவள் குதிரையால் யானையை எடுத்தாள். அதற்குப் பிறகு ஏழே நகர்த்தல். ராஜாவுக்குப் போக இடம் இல்லாமல் போனது. அவள் பொத்தானை அடித்து ஓட்டத்தை நிறுத்தினாள். அவன் பக்கம் ஆறு நிமிடமும், அவள் பக்கம் ஐந்தும் மிச்சம் இருந்தது.

ஆட்டம் முடிந்துவிட்டது. ஆறு பத்து பஸ்ஸுக்கு இன்னும் ஒரு மணி நேரத்துக்கு மேல் இருந்தது. இத்தனை வாரமும் காய்களைப் பார்த்துக்கொண்டே கழித்த நேரம் இப்போது அவர்களுக்கு நடுவில் சும்மா கிடந்தது. கீழே ஒரு கண்டக்டர் வந்தவாசி, வந்தவாசி என்று கத்திக்கொண்டிருந்தான்.

"இன்னொண்ணு போடலாமா?" என்று கேட்டான்.

"வேணாம் உதயா. ஒண்ணே ஒண்ணு முடிக்கணும்னுதான் கடிகாரம் வாங்கலாம்னு சொன்னேன்."

"ஒண்ணா?"

"எட்டு வாரமா எதுவும் முடியல. பாதியில எழுந்து போறதே நமக்குப் பழக்கமாயிடுச்சு. வியாழக்கிழமைக்கி முன்னாடி ஒரு ஆட்டமாவது முழுசா ஆடிட்டுப் போகணும்னு ஆசையா இருந்துச்சி. ஜெயிக்கணும்னு இல்ல. முடிக்கணும்னு."

அவன் கடிகாரத்தையே பார்த்தான். சனிக்கிழமை இரவு அவன் கட்டிய கோட்டை எல்லாம் அவளுடைய அந்த ஒரு சின்ன ஆசையின் மேல் கட்டியது. அவள் பொய் சொல்லவில்லை. அவன்தான் தப்பாகப் படித்திருந்தான்.

"சுகா, எம்மேல இன்னும் கோவமா?"

"இல்ல." யோசிக்காமல் சொன்னாள். "கோவம் எப்பவோ போயிடுச்சி. காத்துக்கினு நிக்கறதுதான் என்னால முடியல. நீ நல்லவன்தான். எல்லார்கிட்டயும் சொல்லுவேன், எங்க அப்பாகிட்டயும் சொல்லுவேன். ஆனா ஒவ்வொரு தடவயும் எனக்காக ஒரு வார்த்தை வருமா வருமான்னு உன் வாயையே பாத்துக்கினு நின்னு நின்னு, எனக்குக் காலு வலிக்குதுப்பா."

அவனுக்குச் சொல்ல நிறைய இருந்தது. இனிமேல் அப்படி நடக்காது. தனிக்குடித்தனம் போகலாம். என்னை மன்னித்துவிடு. இதில் எதை முதலில் சொல்வது என்று அவன் பார்த்துக்கொண்டிருக்கும்போதே போன் அடித்தது. மணி ஐந்தேகால். திரையில் அம்மா.

அவன் அதை எடுக்கவில்லை. ஆனால் அது அடித்து ஓய்வதற்குள் சுகாசினி பையைத் தோளில் மாட்டிக்கொண்டாள். வாலாஜாபாத் பஸ் ஒன்று நிற்கிறது, அங்கே போய் மாறிக்கொள்கிறேன் என்றாள். படியில் இரண்டு தப்படி இறங்கியவள் திரும்பி, "யானைய எடுத்து வெச்சிருக்கலாம் நீ" என்றாள்.

வீட்டில் நீலாம்பாள் விளக்கடியில் உட்கார்ந்து ராட்டையில் தார் சுற்றிக்கொண்டிருந்தாள். அவன் பையை வைத்த வேகத்தில் தலை நிமிர்ந்தாள்.

"இன்னாடா, போன எடுக்கல?"

அவன் செருப்பைக்கூடக் கழற்றவில்லை. "அம்மா, அன்னிக்கி நீ சுகா கையிலருந்த தட்ட அம்சாகிட்ட குடுக்க வெச்சது தப்பு."

எவ்வளவு எளிதாக இருந்தது! ஒரே மூச்சு. ஒன்றே முக்கால் வருடமாக உள்ளே கிடந்த வாக்கியத்துக்கு வெளியே வர மூன்று நொடி போதுமாக இருந்தது.

ராட்டை நின்றது. நீலாம்பாள் கையிலிருந்த இழையைக் கீழே வைத்தாள்.

"தெரியும்" என்றாள்.

"தெரியுமா?"

"எனக்கு மனசு ஒப்பல, அது நெஜம். ஊர் இன்னா சொல்லுமோன்னு பயம். ஆனா அன்னிக்கி அம்சாவக் கூப்புட்டுட்டு உன்னயத்தான்டா பாத்தேன். நீ கத்துவேன்னு நெனச்சேன். எம் பொண்டாட்டிதான் சூடம் காட்டணும்னு ஒரு வார்த்த சொல்லுவே, நானும் வாய மூடிக்கினு அடங்கிடலாம்னு இருந்தேன். நீ கம்முனு இருந்த. சரி, இவனுக்கும் அதான் மனசு போலக்குதுன்னு விட்டுட்டேன். ரெண்டாவது பாவுக்கும் பாத்தேன். மூணாவதுக்கும் பாத்தேன். அப்புறம் பாக்கறத விட்டுட்டேன்."

அவள் செய்ததை அவள் மறைக்கவும் இல்லை, நியாயப்படுத்தவும் இல்லை. புடவைத் தலைப்பால் மூக்கைத் துடைத்துக்கொண்டு, "நான் வேணா வந்து அந்தப் பொண்ணுகிட்ட பேசட்டா?" என்று கேட்டாள்.

உதயகுமார் சுவரில் சாய்ந்து தரையில் உட்கார்ந்தான். அன்று அந்தக் கூடத்தில் தன்னைப் பார்த்துக்கொண்டிருந்தது ஒருத்தி என்றுதான் இத்தனை நாள் நினைத்திருந்தான். இரண்டு பெண்கள் அவனுடைய வாயைப் பார்த்துக்கொண்டு நின்றிருக்கிறார்கள். அவன் பேசாமல் இருந்ததையே இருவரும் பதிலாக எடுத்துக்கொண்டு போயிருக்கிறார்கள்.

"வேணாம்மா" என்றான். "அவ இனிமே யாருக்காகவும் காத்துக்கினு நிக்க வேணாம்."

வியாழக்கிழமை கோர்ட்டு வராந்தாவில் நல்ல கூட்டம். வக்கீல் அவனைத் தூணுக்குப் பின்னால் தள்ளிக்கொண்டு போய், "முடிவு பண்ணிட்டீங்களா? அவசரமில்ல. உள்ள போய்க்கூட யோசிச்சுச் சொல்லலாம். டைம் கேட்டாலும் குடுப்பாங்க" என்றார்.

"சரிங்க" என்றான் உதயகுமார்.

பதினோரு மணிக்குப் பெயர் கூப்பிட்டார்கள். சுகாசினி சாம்பல் நிறக் காட்டன் புடவையில் வந்திருந்தாள். அவளுடைய அண்ணன் ஜெபகுமார் கடைசி பெஞ்சில் மடியில் ஹெல்மெட்டோடு உட்கார்ந்திருந்தான். ஜட்ஜம்மா காகிதங்களைப் புரட்டிவிட்டு, மூக்குக் கண்ணாடிக்கு மேலாக உதயகுமாரைப் பார்த்தார்.

"சேர்ந்து வாழ வாய்ப்பு இல்லைன்னு ரெண்டு பேரும் சொல்லியிருக்கீங்க. இன்னிக்கும் அதே முடிவுதானா? பிரியறதுக்கு உங்களுக்குச் சம்மதமா?"

சுகாசினி தலையைக் குனிந்துகொண்டாள். இரண்டு கையாலும் கூண்டுக் கட்டையைப் பிடித்துக்கொண்டாள். இனி நீண்ட நேரம் நிற்க வேண்டியிருக்கும் என்று தெரிந்தவர்கள் நிற்கிற மாதிரி, ஒரு காலின் பாரத்தை மறுகாலுக்கு மாற்றிக்கொண்டாள். பஸ் ஸ்டாண்டில் அப்படி நிற்பாள். அவன் அம்மாவின் சமையலறை வாசலில் அப்படி நின்றிருக்கிறாள்.

"சம்மதம்" என்றான் உதயகுமார்.

கேள்வி முடிந்த உடனே வந்த பதில். எழுதிக்கொண்டிருந்த குமாஸ்தாகூட நிமிர்ந்து பார்த்தார். சுகாசினி திடுக்கிட்டுத் திரும்பினாள். அவள் முகத்தில் அப்போது வந்தது என்ன என்று அவனுக்குப் படிக்கத் தெரியவில்லை. படிக்கவும் முயலவில்லை.

"நீங்கம்மா?"

"சம்மதம்" என்றாள், மெல்லிய குரலில்.

கையெழுத்துகள், முத்திரைகள். வெளியே வந்தபோது கோர்ட்டுக் கடிகாரத்தில் மணி பதினொன்று இருபதுதான் ஆகியிருந்தது. ஜெபகுமார் பைக்கை எடுக்கப் போனான். வேப்பமரத்தடியில் அவர்கள் இருவரும் நின்றார்கள். வெயில் ஏறிக்கொண்டிருந்தது.

"நீ யோசிப்பேன்னு நெனச்சு முழு நாள் லீவு போட்டுக்கினு வந்தேன்" என்றாள் சுகாசினி. "எங்க அண்ணன் டிபன் பாக்ஸ்லாம் கட்டிக்கினு வந்திருக்குது."

பழைய கேலிதான். அவன் சிரித்தான். அவளும் சிரிக்கத் தொடங்கி, பாதியில் நிறுத்தி, புறங்கையால் கண்ணைத் துடைத்துக்கொண்டாள்.

"இப்போ எங்க போவ?" என்று கேட்டான்.

"ஆஸ்பத்திரிக்குத்தான். மத்தியான ஷிப்டுக்கு ஆள் இல்லன்னு காலையிலயே கேட்டாங்க. வரேன்னு சொல்லிடறேன்." போனை எடுத்தவள் அதைக் கையிலேயே வைத்துக்கொண்டு, "நீ?" என்றாள்.

"தறி. ஒரு புடவை முந்தி பாதியில நிக்குது."

ஜெபகுமார் ஹாரன் அடித்தான். அவள் பைக்கில் ஏறி உட்கார்ந்து, புடவைத் தலைப்பை இழுத்து மடியில் சொருகிக்கொண்டாள். வண்டி கேட்டைத் தாண்டி, ஒரு லாரிக்கு வழி விட்டு நின்று, பிறகு வாலாஜாபாத் சாலையில் திரும்பியது. உதயகுமார் நிழலிலிருந்து இறங்கி, சைக்கிள் ஸ்டாண்டை நோக்கி நடந்தான்.